ஒன்றரை அடி வெளியே

ஏரிக்கரைக்கு என்னை மாத்தினப்போ, "நல்லா காத்து வரும் மேடம், நிம்மதியா இருப்பீங்க"ன்னு சொல்லி அனுப்பினாங்க. வாயில நல்லா வருது எனக்கு.

செங்கல்பட்டு ஸ்டேஷனை வுட்டுத் தாம்பரம் பக்கமா கெளம்பினா, கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டிகினே கூட வரும். அந்தக் கரை ஓரமா ஒரு தகரக் கொட்டாய். உள்ள ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஓடினாலும் ஓடாட்டியும் ஒரே மாதிரி இருக்கற ஒரு ஃபேன். நான் மொத நாள் போனது பகல் பதினொரு மணிக்கு, சித்திரை வெயில்ல. காஞ்ச ஜல்லிக்கல்லு, கிரீஸு, ஏரியில அழுகிக் கெடந்த ஆகாயத்தாமரை, எல்லாத்தோட வாடையும் ஒண்ணா கலந்து வந்துச்சு. பூட்டைத் தொறந்தேன், பெருக்கினேன், சாப்பாட்டுப் பையை ஆணியில மாட்டினேன். சாதாரண வேலை, சாதாரண நாளு.

என் பேரு அன்பரசி. ரயில்வேக்கு மெஷின் வெச்சிக் குடுக்கற ஒரு தனியார் கம்பெனியில டெக்னீஷியன். அந்தப் பாதையில கூட்ஸும் ஓடும், லோக்கலும் ஓடும். ஒண்ணு வடக்க போவும்போது பக்கத்து லைன்ல இன்னொண்ணு தெக்க வரும். நடுவுல எடம் ரொம்ப இல்ல. கூட்ஸுல ஏத்தின சரக்கு சரிஞ்சி வெளிய நீட்டிகினு இருந்துச்சின்னா, எதிர்ல வர்ற லோக்கல்ல படியில நிக்கறவன் கதி அவ்ளோதான். அதுக்குத்தான் எங்க மெஷின். தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் கம்பம், கம்பத்துல லேசர், கூடவே ஒரு சாதா கேமரா. வண்டி போவச்சொல்ல அதோட உருவத்தைப் புள்ளி புள்ளியா வரைஞ்சிடும். அளவுக்கு மீறி எதுவாவது நீட்டினா அலாரம் அடிக்கும், ரெண்டு லைன்லயும் சிக்னல் செவப்பாயிடும். லோக்கலுக்கு மட்டும் அலாரம் கெடையாது. வெச்சா படியில தொங்கறவங்களுக்கே நாள் பூரா அடிச்சிகினு இருக்கும். அதனால லோக்கல் போனா படத்தை மட்டும் எடுத்து வெச்சிக்கும்.

இந்த எடத்துக்கு மாத்தலை நான்தான் கேட்டு வாங்கினேன். காரணம் என் தம்பி ஹேமந்த். பரனூர்ல ஒரு கம்பெனியில அவனுக்கு செகண்ட் ஷிஃப்ட். ஒண்ணு அம்பது லோக்கல்ல ஏறுவான், ஒரே ஸ்டேஷன், எறங்கிடுவான். உள்ள பெஞ்சு காலியா இருந்தாலும் தொரைக்குப் படியிலதான் நிக்கணும். "ஏரிக் காத்துக்கா, ஒரு நிமிசம்தான"ம்பான். அப்பா அம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். சொல்லிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், ஒரு தபா கன்னத்துலயே வெச்சேன். கேக்கல. சரி, அவன் கேக்காட்டி எதிர்ல வர்ற வண்டியையாவது நான் பார்த்துக்கறேன்னு இங்க வந்தேன்.

மூணாவது நாள் ஆரம்பிச்சுது.

மதியம் ஒண்ணே முக்கா. பரனூர் பக்கத்துலேந்து கூட்ஸ் ஒண்ணு மெதுவா வந்துகினு இருந்துச்சு. பாதி வண்டி போயிருக்கும், அலாரம் அலறுச்சு. படத்தைப் பார்த்தேன். முப்பத்தோராவது வேகன், லோக்கல் லைன் பக்கம், லோக்கல் படியில நிக்கறவன் தலை ஒசரத்துல ஏதோ நீட்டிகினு இருக்கு. நாப்பத்திநாலு சென்டிமீட்டர், ஒன்றரை அடின்னு வெச்சிக்கோங்க. வண்டி நின்னுச்சு. கார்டு ஞானதாஸ் அண்ணன் கடைசி பெட்டியிலேந்து எறங்கி, அந்த வெயில்ல வண்டி நீளத்துக்கும் நடந்து வந்தாரு.

ஒண்ணும் இல்ல.

"இன்னாம்மா, லோடு கரெக்டா கட்டிக் கீதே?"

"தெரியலண்ணா, மெஷின் காட்டுச்சி."

"மெஷினு காட்டும். நடக்கறவன் நானுல்ல!"

மறுநாள் வேற கூட்ஸ், வேற சரக்கு. பதினெட்டாவது வேகன். அதே பக்கம், அதே ஒசரம், அதே நாப்பத்திநாலு. அதுக்கு மறுநாளும் அப்படித்தான். பின்னாடி வண்டிங்க நின்னுச்சு. கன்ட்ரோல்லேந்து போன் போட்டு என் பரம்பரையையே விசாரிச்சாங்க. நாவலூர் ஆபீஸ்ல எங்க இன்ஜினியரு நிதின் இருக்காரு. ஏசி ரூம்ல உக்காந்துகினு ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு.

"லென்ஸ் தொடச்சீங்களா மேடம்?"

தொடச்சேன் சார். காலையில தொடச்சேன், மதியம் தொடச்சேன், என் முந்தானையாலயே தொடச்சேன். கேபிளை மாத்தினேன். கம்பத்துல கூடு கட்டியிருந்த கரிச்சான் குருவியைக்கூட பாவம்னு பார்க்காம தொரத்தினேன். மறுநாள் ஒண்ணே முக்காவுக்கு நாப்பத்திநாலு.

அலாரம் ஆரம்பிச்சி எட்டாவது நாளு எனக்கு அழுகையே வந்துடுச்சி. எட்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சிப் பார்க்கலாம்னு தோணுச்சி. ஒரு நாள் படத்துல பத்து இருவது புள்ளிதான் இருக்கும், ஒண்ணும் புரியாது. எட்டும் சேர்ந்தா புரியும்னு நெனச்சேன்.

புரிஞ்சிச்சி.

ஒரு தலை. ஒரு தோளு. மேல எதையோ புடிச்சிகினு தொங்கற ஒரு கை.

கேங்மேன் பூபாலன் அப்போதான் தண்ணி குடிக்க உள்ள வந்தாரு. அந்த லைனை இருவது வருசமா நடந்து பாக்கற மனுசன். எப்பவும் ஏதாவது நக்கல் பண்ணிகினு வருவாரு. அன்னிக்கு கம்ப்யூட்டரைப் பார்த்தவரு சொம்பைக் கீழ வெச்சிட்டாரு.

"சீனும்மா அது" அப்படின்னாரு.

"எந்த சீனு?"

"ரெண்டு வருசம் ஆவுது. மெஷினு வெக்கறதுக்கு மின்ன. லோக்கல்ல படியில நின்னுகினு போனான். எதிர்ல வந்த கூட்ஸுல கம்பி ஒண்ணு நீட்டிகினு இருந்திச்சி. நான்தான் கோணி போட்டு மூடினேன். இதே எடம்மா. கொட்டாய் இருக்கற இதே எடம்."

எனக்குப் பயம் வரல. கோவம்தான் வந்துச்சி. செத்தவன் செத்தான், நான் இன்னா பண்ணேன் அவனை? எனக்கு ஏன் பேஜாரு குடுக்கறான்? சாயங்காலம் நிதின் கூப்பிட்டாரு.

"மேடம், இன்னும் ஒரு தபா தப்பா அடிச்சா மெஷினையே எடுக்கச் சொல்லிட்டாங்க. மாஸ்க் போட்டுடுங்க."

மாஸ்க்னா வேற ஒண்ணும் இல்ல. படத்துல ஒரு கட்டம் போட்டு, 'இந்த எடத்துல எது வந்தாலும் கண்டுக்காத'ன்னு மெஷினுக்குச் சொல்லிடறது. மரக்கிளை தொந்தரவு பண்ணா போடுவோம், தார்ப்பாய் அடிச்சிகினா போடுவோம். போடக் கூடாதுதான். ஆனா எங்க வேலையில போடாதவன் யாரு? மெஷினே போயிட்டா என் தம்பிக்கு யாரு காவல்? ஒரு கட்டம் மட்டும் கண்ணை மூடிக்கட்டும், மிச்சம் பூரா முழிச்சிகினு இருக்கட்டும். எனக்கு நானே அப்படிச் சமாதானம் சொல்லிக்கினேன்.

"வாணாம்மா" அப்படின்னாரு பூபாலன். "அவன் சும்மா நிக்கல. ஏதோ சொல்றான்."

"சொல்றதை வேற எங்கனா போய் சொல்லச் சொல்லுண்ணா."

மாஸ்க் போட நாவலூர்லேந்து அனுமதி நம்பர் வந்துச்சி. போட்டேன். சரியா அந்தத் தலையும் தோளும் இருந்த எடத்து மேல ஒரு சாம்பல் கட்டம் விழுந்துச்சி.

மூணு நாள் அலாரமே இல்ல. நிதின் 'சூப்பர்'னு மெசேஜ் போட்டாரு. ஞானதாஸ் அண்ணன் போற போக்குல கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் நிம்மதியா சோறு தின்னிருக்கணும். ஆனா முடியல, ஏன்னா மொத நாளே தட்டற சத்தம் ஆரம்பிச்சிடுச்சி.

கூட்ஸ் போய் முடிஞ்சி, ரீங்காரமெல்லாம் அடங்கி, ஏரியில ஒரு நாரை கத்தினாக்கூட கேக்கற நேரம். தண்டவாளப் பக்கத்துத் தகரத்துல ரெண்டு தட்டு. யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டற மாதிரி. வெளிய போய்ப் பார்த்தேன். வெறும் வெயிலு. மறுநாள் மூணு தட்டு. சத்தம் வந்த எடத்தை நிமிந்து பார்த்தப்போதான் ஒறைச்சிது. என் தலைக்கு மேல ரெண்டு முழம் ஒசரத்துலேந்து வருது. தரையில நிக்கற எந்த மனுசனுக்கும் அங்க கை எட்டாது.

படியில நிக்கறவனுக்கு எட்டும்.

மூணாவது நாள் தட்டு நிக்கவே இல்ல. தகரம் பூரா அதிருது. மேசை மேல இருந்த சொம்புத் தண்ணி நடுங்குது. "இன்னாடா வேணும் உனுக்கு?"ன்னு கத்தினேன்.

நின்னுச்சி.

நாலாவது நாளு கூட்ஸ் லேட்டு. ஒண்ணு அம்பதுக்கு லோக்கல் அங்க ஸ்டேஷன்ல கெளம்பற நேரம். நான் கொட்டாய் நெழல்ல நின்னுகினு கை கழுவிகினு இருந்தேன். பரனூர் வளைவுல கூட்ஸ் தெரிஞ்சிச்சி. கட்டுக் கட்டா இரும்புக் கம்பி ஏத்தின வண்டி. வளைவுல திரும்பச்சொல்ல வெயில்ல ஏதோ மின்னிச்சி.

ஒரு வேகன்ல கட்டு அவுந்து, ஒரே ஒரு கம்பி குறுக்கால வெளிய நீட்டிகினு இருந்துச்சி.

லோக்கல் வர்ற பக்கம். தலை ஒசரம்.

எனக்கு அளந்து பாக்கத் தேவையே இல்ல. கம்பி வரப்போறது அந்தச் சாம்பல் கட்டத்துக்குள்ள. மெஷின் அதைப் பார்க்கும், பார்த்துட்டு நான் சொல்லிக் குடுத்த மாதிரியே கண்டுக்காம வுட்டுடும்.

உள்ள ஓடினேன். மாஸ்க்கை எடுக்க அமுக்கினேன். 'அனுமதி எண்ணைப் பதிவிடவும்'னு வந்து நிக்குது. எடுக்கறதுக்கும் நாவலூர் நம்பர் வேணும். நிதினுக்கு போன் போட்டேன். ரிங் போச்சி, எடுக்கல. திரும்ப போட்டேன். கட் பண்ணிட்டு மெசேஜ் அனுப்பறாரு, 'மீட்டிங்ல இருக்கேன்'னு. நாசமாப் போவட்டும் உன் மீட்டிங்கு! ஸ்டேஷனுக்குப் போட்டேன். பிஸி. திரும்பவும் பிஸி. ஹேமந்துக்குப் போட்டேன். படியில நிக்கறவன் எங்க போனை எடுப்பான்?

கூட்ஸ் இன்ஜின் கம்பத்தைத் தாண்டிச்சி. வேகன் ஒண்ணொண்ணா தடதடன்னு போவுது. நான் ஜன்னல்ல பார்த்துகினே இருக்கேன். அந்தக் கம்பி வந்துச்சி. கம்பத்துக்கு நேரா வந்துச்சி. தாண்டிப் போச்சி.

அலாரம் இல்ல.

தெக்கால லோக்கல் ஹாரன் அடிச்சிச்சி.

வெளிய ஓடினேன். கையை ஆட்டினேன், கத்தினேன். அந்தச் சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கல. "ஏசப்பா, அவன் ஒருத்தன்தான் எனக்கு"ன்னு ஜல்லிக்கல்லு மேலயே உக்காந்துட்டேன்.

அப்போ அடிச்சிச்சி.

அவ்ளோ சத்தமா அது ஒரு நாளும் அடிச்சதில்ல. ரெண்டு லைன்லயும் செவப்பு விழுந்துச்சி. கூட்ஸ் கிறீச்சுனு இழுத்துகினே போய் நின்னுச்சி. எதிர்ல, கூட்ஸ் இன்ஜினுக்குக் கொஞ்ச தூரம் தள்ளி, லோக்கலோட மஞ்ச முகமும் நின்னுச்சி. ஞானதாஸ் அண்ணன் ஓடி வந்து கம்பியைப் பார்த்துட்டு நெஞ்சுல கை வெச்சிகினாரு. லோக்கல்லேந்து ஆளுங்க எட்டிப் பாக்கறாங்க. மூணாவது பெட்டிப் படியில என் தம்பி, நல்லா வெளிய சாய்ஞ்சிகினு, "இன்னா ஆச்சி?"ன்னு எதிர்ல பார்த்துகினு நிக்கறான். ஓடிப் போய்க் காலைக் கட்டிகினு அழுதேன். "வுடுக்கா, எல்லாரும் பாக்கறாங்க" அப்படின்னான் நாயி.

கொட்டாய்க்குத் திரும்பினேன். எது அலாரத்தைத் தட்டி வுட்டுச்சின்னு படத்தை எடுத்தேன். கூட்ஸ் லைன்ல ஒண்ணும் இல்ல, மாஸ்க் அப்படியே கெடக்கு. அலாரம் வந்தது லோக்கல் லைன்லேந்து. அலாரமே வெக்காத லைன்லேந்து. அந்த நிமிசம் அந்தத் தண்டவாளம் காலி. படத்துல வண்டி இல்ல, பெட்டி இல்ல, படி இல்ல. தரையிலேந்து நாலடி ஒசரத்துல, வெறும் காத்துல, ஒரு ஆள் முழுசா நிக்கறான். ஒரு கை மேல புடிச்சிருக்கு. இன்னொரு கையைக் கம்பத்துக்கு நேரா நீட்டியிருக்கான்.

நிதினுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழிச்சி பதில் வந்துச்சி. 'சிஸ்டம் சூப்பரா வேலை செஞ்சிருக்கு மேடம். அந்த இன்னொரு படத்துக்கு, லென்ஸ் தொடச்சீங்களா?'

மாஸ்க்கை அன்னிக்கே எடுக்க வெச்சேன். சாயங்காலம் ஏரிக்கரையில ஒரு மெழுகுவத்தி ஏத்தி, "மன்னிச்சிடு சீனு, நீ மவராசன்"னு சொல்லிட்டு வந்தேன். பூபாலனும் கற்பூரம் ஏத்தினாரு. அதுக்கப்புறம் கூட்ஸுல ஒண்ணும் நீட்டல, தட்டற சத்தமும் இல்ல. முடிஞ்சிதுன்னுதான் நெனச்சேன்.

நாலு நாள் கழிச்சி, சும்மா இருக்க மாட்டாம, ஒண்ணு அம்பது லோக்கல் படத்தைப் பார்த்தேன். தம்பி படியில எப்படி நிக்கறான், வூட்டுக்குப் போய் திட்டலாம்னுதான்.

மூணாவது பெட்டிப் படியில ரெண்டு பேரு.

கேமராவுல பார்த்தேன். ஹேமந்த் மட்டும்தான் நிக்கறான். லேசர் படத்துல அவன் முதுகோட ஒட்டிகினு இன்னொருத்தன். மெஷின் பக்கத்துலயே அளவும் போட்டிருந்துச்சி. ஹேமந்த் வெளிய நீட்டிகினு இருக்கறது பன்னெண்டு சென்டிமீட்டர். மறுநாள் பத்தொம்போது. அதுக்கு மறுநாள் இருவத்தாறு.

"டேய், ஏண்டா தெனமும் தெனமும் இன்னும் வெளிய சாயற?"

"அக்கா, உன் மேல சத்தியமா நான் உள்ள தள்ளிதான் நிக்கறேன். கம்பி மேட்டருக்கு அப்புறம் எனக்கே பயம்க்கா."

"படியில யாராவது கூட நிக்கறாங்களா?"

சோத்தைப் பிசைஞ்சிகினே இருந்தான். அப்புறம் தட்டைப் பார்த்துகினே சொன்னான். "யாரும் இல்ல. ஆனா நான் புடிக்கறதுக்கு மின்னயே கைப்புடிக் கம்பி சூடாக் கீது. யாரோ இப்போதான் வுட்ட மாதிரி."

என் தட்டைத் தள்ளி வெச்சேன். சீனு என் தம்பியைக் காப்பாத்தினானா, இல்ல படியில தனக்கு எடம் புடிச்சானா? யார்கிட்ட கேப்பேன் இதை? நிதின்கிட்டயா?

"நாளையிலேந்து நீ ரயில்ல போவக் கூடாது. பஸ்ல போ, நடந்து போ, வேலையே வாணாம்" அப்படின்னேன். அவன் எதிர்த்துப் பேசல. அதுவே எனக்கு இன்னும் பயமா இருந்துச்சி. ராத்திரியே அவனுக்கு ஜுரம் அனலா கொதிச்சிச்சி. காலையில நானும் லீவு சொல்லிட்டேன். கொட்டாய்க்கு வேற ஆளை அனுப்பச் சொன்னேன். அலாரம் வந்தா என் போனுக்கும் மெசேஜ் வரும், அதை மட்டும் நிறுத்த மறந்துட்டேன்.

மதியம் கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தான். நான் கட்டில் பக்கத்துலயே தரையில உக்காந்து அவனைப் பார்த்துகினு இருந்தேன். தெருவுல ஒருத்தன் பழைய இரும்பு கேட்டுகினு போனான். பக்கத்து வூட்டு கண்ணகி அக்கா மிக்ஸி ஓட்டிகினு இருந்தாங்க. பட்டப்பகலு. என் கண்ணெதிர்ல மூச்சு வுட்டுகினு தூங்கறான் என் தம்பி.

ஒண்ணு அம்பத்திரண்டுக்கு போன் அதிர்ந்துச்சி.

லோக்கல் லைன். மூணாவது பெட்டி.

படத்தைத் தொறந்தேன். படியில ரெண்டு பேரு. பின்னாடி நிக்கறவனை எனக்குத் தெரியும், இத்தினி நாளா பார்த்தவன்தான். முன்னாடி நிக்கறவனுக்கு எடது தோளு கொஞ்சம் எறங்கி இருந்துச்சி. ஏழு வயசுல மொட்டை மாடியிலேந்து வுழுந்து ஒடைச்சிகின தோளு அது. நான்தான் தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வெறும் புள்ளியா வரைஞ்சாலும் எனக்குத் தெரியாதா?

பக்கத்துல அளவு: நாப்பத்தி ஒண்ணு.

மெதுவா தலையைத் திருப்பிக் கட்டிலைப் பார்த்தேன்.

ஹேமந்த் கண்ணை மூடித் தூங்கிகினுதான் இருந்தான். ஆனா ஒடம்பு பாதி கட்டிலை வுட்டு வெளிய வந்திருந்துச்சி. வலது கை தலைக்கு மேல செங்குத்தா தூக்கியிருந்துச்சி. அஞ்சு விரலும் வெறும் காத்தை இறுக்கிப் புடிச்சிருந்துச்சி. ஜன்னல் சாத்தியிருக்கு, ஃபேன் ஓடல. அவன் முடி மட்டும் எதிர்காத்துல பறக்கற மாதிரி பின்னாடி படிஞ்சி அலைபாஞ்சிகினு இருந்துச்சி.

ரெண்டு கையாலயும் அவன் இடுப்பைக் கட்டிப் புடிச்சிகினேன். என் பலம் பூரா போட்டு உள்ள இழுத்தேன்.

அந்தப் பக்கத்துலேந்தும் இழுத்தாங்க.